கடைசி ஆள்

எங்கள் வாட்ஸாப் குழுவில் எனக்கு 'வால்' என்று பெயர். அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே பெயரை வேறு காரணத்துக்காக வாங்கியிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் இப்போது கிடைத்திருப்பது பதவி. வாஷிங்டனைச் சுற்றியுள்ள காடுகளிலும் ஆற்றோரங்களிலும் மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து நடக்கிறோம். எல்லோருக்கும் கடைசியில், எனக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டே வருவது என் வேலை. முன்னால் போகிற வேலையைப் பாதை தெரிந்த யாரும் செய்துவிடலாம். குழு கலையாமல் வீடு வந்து சேருவது பின்னால் வருகிறவன் கையில் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு பையனைத் தொலைத்துவிட்டுக் கற்றுக்கொண்டது இது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

இந்த ஏப்ரலில் நாங்கள் போனது மேரிலாந்துப் பக்கத்து கிரேட் ஃபால்ஸ். பதினேழு பேர். வாஷிங்டனுக்குச் சுமார் பதினான்கு மைல் மேலே, பொட்டோமேக் ஆறு ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் 76 அடி இறங்குகிற இடம் அது. குற்றாலம் மாதிரி மொத்தமாக விழுகிற அருவி என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆறு பல கால்களாகப் பிரிந்து, பாறைக்குப் பாறை மோதி, நுரைத்துக்கொண்டு இறங்கும். கீழே எல்லாத் தண்ணீரும் ஒரு குறுகலான பாறை இடுக்கில் நெருக்கிக்கொண்டு ஓடும். அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேதரின் பெயரை அந்த இடுக்குக்கு வைத்திருக்கிறார்கள்.

அதன் ஓரமாகப் போகிற பாதைக்குப் பெயர் பில்லி கோட் டிரெயில். வெள்ளாட்டுக் கிடா பாதை என்று சொல்லிக்கொள்ளலாம். ஏ, பி, சி என்று மூன்று துண்டு. பி-யும் சி-யும் சாதாரணக் காட்டு நடை. ஏ மட்டும்தான் கிடாவுக்கு உரியது: 1.7 மைல், கிட்டத்தட்ட மொத்தமும் பாறை. "ஒண்ணே முக்கால் மைலா? அரை மணி நேரத்துல முடிச்சிடலாமே" என்று புதிதாக வருகிற யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. இரண்டரை மணி நேரம் ஆகும். பாறையில் கால் வைக்க இடம் தேடி, கையை ஊன்றி, முன்னால் இருப்பவர் தாண்டும்வரை காத்திருந்து போகவேண்டிய பாதையில் மைல் கணக்குக்குப் பொருள் இல்லை.

காத்திருப்பது என்று சொன்னேனே, அதுதான் இங்கே முக்கியமான விஷயம். வாஷிங்டன் வட்டாரத்தில் இதைவிடக் கூட்டமான காட்டுப் பாதை எனக்குத் தெரிந்து கிடையாது. வெயிலடிக்கும் சனிக்கிழமையில் பத்து மணிக்குள் கார் நிறுத்துமிடம் நிரம்பி, வாசலிலேயே வண்டிகள் வரிசையில் நிற்கும். நாங்கள் ஏழரைக்கே போய்விட்டோம். அப்போதும் எங்களுக்கு முன்னால் முப்பது கார். மதுரையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு சித்தப்பா இறங்கியதும் நாலாபுறமும் பார்த்துவிட்டு, "காட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டு ஆடி அமாவாசைக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே" என்றார்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முணுமுணுத்தேன். காடு என்றால் ஆளரவம் இருக்கக்கூடாது என்று ஒரு நினைப்பு. பிறகு இந்த இடத்தின் கதையைப் படித்தேன். அதிலிருந்து கூட்டத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

கிடா பாதைக்குப் பக்கத்தில் இணையாக ஒரு கால்வாய் போகிறது. செசபீக் - ஒஹாயோ கால்வாய். 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டியால் முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைக்க வந்தார். மண்வெட்டி வேரில் பட்டு இறங்கவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டினார், கூட்டம் ஆரவாரம் செய்தது. சகுனம் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அதே நாளில், பக்கத்து பால்டிமோரில் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மேற்கே கம்பர்லாந்து ஊருக்கு ரயில் 1842-இல் போய்ச் சேர்ந்தது. கால்வாய் 1850-இல்தான் போய்ச் சேர்ந்தது. அங்கேயே நின்றும்போனது, ஒஹாயோ பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

மொத்தம் 184.5 மைல், அதாவது கிட்டத்தட்ட 297 கிலோமீட்டர். கம்பர்லாந்திலிருந்து நிலக்கரி ஏற்றிய படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தன. கழுதை நடந்த அந்தக் கரைதான் இன்றைக்கு நாம் நடக்கிற 'டோபாத்'. வீதி மாதிரி அகலமும் சமதளமுமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்க 74 லாக்குகள் கட்டினார்கள். லாக் என்பது இரண்டு பக்கமும் மரக்கதவு போட்ட ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் மேல் கதவைச் சாத்திவிட்டு, கீழ்க் கதவின் மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டால் படகு தானே கீழே இறங்கும். கீழ்மட்டத்துக்கு வந்ததும் கீழ்க் கதவைத் திறந்து வெளியே விட்டுவிடலாம். எங்களோடு வந்திருந்த ஆச்சிக்கு இதை விளக்க நான் ஐந்து நிமிடம் கையையும் காலையும் ஆட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "தண்ணிக்குப் படிக்கட்டு கட்டியிருக்கான்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

1924-இல் பெருவெள்ளம் வந்து கால்வாயை உடைத்தது. அதற்குப்பின் படகு ஓடவில்லை. 1938-இல் அரசாங்கம் வாங்கிப் போட்டது. ஐம்பதுகளில் இந்தத் தடத்தின் மேல் கார் சாலை போடலாம் என்று திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் சும்மா இருக்கவில்லை. என்னோடு ஒரு முறை இந்தக் கரையில் நடந்து பாருங்கள், அப்புறம் எழுதுங்கள் என்ற பொருளில் அந்தப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார். தலையங்கக்காரர்கள் சவாலை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் மாதம் கம்பர்லாந்தில் ஒரு பெரிய கூட்டமே சேர்ந்தது. எட்டு நாள் நடை. வாஷிங்டன்வரை முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். நீதிபதி அதில் ஒருவர், தலையங்கம் எழுதியவர்கள் அதில் இல்லை. ஆனாலும் பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. சாலை வரவில்லை. 1971-இல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

ஆக, இந்த இடம் காடாக மிஞ்சியதே ஒரு கும்பல் நடையால்தான். அந்த நீதிபதி வேகநடைக்காரர் என்று படித்திருக்கிறேன். எனக்கோ வால் புத்தி. அந்த ஒன்பது பேரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் எந்தெந்த மைலில் நின்றுபோனார்கள், யார் அவர்களோடு கூட நின்றது என்றுதான் நான் யோசிப்பேன்.

என் கதைக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன்பு இதே பாதையில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முதல்முறை நடந்தேன். தலைவன் என்ற நினைப்பில் முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நாலைந்து தெரிந்த முகம் தென்பட்டது, மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கூட்டமான பாதையின் ஏமாற்று வேலை இது. பின்னால் எப்போதும் ஆள் இருப்பார்கள், ஆனால் நம் ஆளா என்று தெரியாது. பாதை முடிந்த இடத்தில் எண்ணினால் பதினோரு தலை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காணோம். பாறை இடுக்குக்குள் செல்போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அவன் அப்பா ஒன்றும் சொல்லாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

நாற்பது நிமிடம் கழித்துத் தகவல் வந்தது. பாதையின் நடுவில், முடியாதவர்கள் வெளியேற ஒரு குறுக்குவழி இருக்கிறது. பையன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்திருக்கிறான். நிமிர்ந்தபோது எங்கள் கூட்டம் இல்லை, வேறொரு கூட்டம் அந்தக் குறுக்குவழியில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் பின்னாலேயே போய் டோபாத்தில் ஏறி, கார் நிறுத்தின இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். தவறு முழுக்க என்னுடையது. அன்றைக்குப் பின்னால் போனவன்தான், இன்னும் முன்னால் வரவில்லை.

இப்போது எங்களுக்கு இரண்டே சட்டம். பாதை பிரிகிற இடம் எதுவானாலும் முன்னால் போகிறவர் நின்றே ஆகவேண்டும், நான் வந்து தலை எண்ணிய பிறகுதான் அடுத்த அடி. இரண்டாவது, ஒதுங்குகிறவர் யாராக இருந்தாலும் பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுத்தான் ஒதுங்கவேண்டும். பை கிடந்தால் ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆணோ பெண்ணோ, ஒதுங்கப் போகிறேன் என்று பதினாறு பேர் காதுபட அறிவிக்க யாருக்கும் கூச்சமாக இருக்கும். பை பேசட்டும்.

இந்த முறை புறப்படும்போதே இரண்டு அணி என்று முடிவு செய்துகொண்டோம். பத்துப் பேர் கிடா பாதை. ஆச்சி, சித்தப்பா, முட்டி வலிக்காரர்கள், ஐந்து வயதுக் குழந்தை என்று ஏழு பேர் டோபாத்தில் போய், பாதை முடிகிற இடத்துக்கு அருகே 'வைட்வாட்டர்' என்ற அகலமான நீர்ப்பரப்பின் கரையில் காத்திருக்கவேண்டும். முட்டி வலிக்காரரைப் பாறையில் ஏற்றுவது வீரம் கிடையாது, மற்ற ஒன்பது பேருக்கும் செய்கிற துரோகம். இதை நயமாகச் சொல்லத் தெரிந்திருப்பது நடத்துகிறவர்களுக்கு அவசியம். எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்.

பாதை பிரியும்வரை எல்லோரும் டோபாத்தில் ஒன்றாக நடந்தோம். சைக்கிள்காரர்கள் மணியடித்து, "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் இடப்பக்கமாகத் தாண்டுகிறேன், நீங்கள் வலப்பக்கமே இருங்கள் என்று அர்த்தம். சித்தப்பா காதில் 'லெஃப்ட்' மட்டும் விழுந்தது. மரியாதையாக இடப்பக்கம் தாவி, சரியாகச் சைக்கிளுக்கு நேரே போய் நின்றார். பிரேக் நல்ல பிரேக். இரண்டு பேரும் மாறி மாறி சாரி சொன்னார்கள். இடதுபக்கம் வண்டி ஓட்டுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு இதைக் கிளம்புமுன்பே சொல்லியிருக்கவேண்டும். என் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் நடுவில் இந்தக் கரை பார்க்கவேண்டிய கரை. புளூபெல் பூக்கள் இளஞ்சிவப்பு மொட்டாகத் தொடங்கி நீலமாக விரிந்து தரையெல்லாம் கிடக்கும். சிக்கமோர் மரங்களின் மேல்பகுதி பட்டை உரிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக நிற்கும். கால்வாயில் விழுந்து கிடக்கும் கட்டைகளில் ஆமைகள் வரிசையாக வெயில் காயும். நம் ஊர்ச் சாம்பல் நாரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒரு பெரிய நாரை, பத்தடி தூரத்தில் நூறு பேர் போனாலும் அசையாமல் நிற்கும். இலை விடாத சின்ன மரங்களில் அரக்கு நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்த பூவை ஆச்சி கிள்ளப் போனார், தடுத்தேன். பாபா என்ற மரம் அது. நம் சீதாப்பழத்தின் குடும்பம். செப்டம்பரில் பழம் வரும். "அப்போ செப்டம்பர் வரைக்கும் விசா நீட்டிக்கணும்" என்றார் ஆச்சி.

இன்னொரு உறவுக்காரரும் இங்கே இருக்கிறார், அவரைத்தான் எல்லோருக்கும் முதலில் காட்டுவேன். மரத்தில் ஏறியிருக்கும் தடித்த கொடி, முழுக்க ரோமம் முளைத்த கயிறு மாதிரி இருக்கும். இலை மூன்று மூன்றாக, இளசில் செம்பளபளப்பாக வரும். பாய்சன் ஐவி. மாமரமும் முந்திரியும் சேராங்கொட்டையும் இதன் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிக் கொப்பளிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இலை இல்லாத காலத்திலும் கொடி சுடும். பிடிமானம் தேடி மரத்தைப் பிடிக்குமுன் மரத்தைப் பார்க்கவேண்டும்.

பிறகு உண்ணி. ஆட்டிலும் மாட்டிலும் பார்த்த உண்ணிக்கு உறவுதான், ஆனால் மான் உண்ணி எள்ளைவிடப் பெரிதாக இருக்காது. லைம் என்ற நோயைக் கொண்டுவரும். காய்ச்சல், மூட்டு வலி, சிலருக்கு வட்ட வட்டமாகத் தடிப்பு. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொள்வதும், வீட்டுக்குப் போனதும் குளித்து அக்குள், முட்டி மடிப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பார்ப்பதும் போதும். ஒட்டிய உண்ணி நோயைக் கடத்தப் பெரும்பாலும் ஒரு நாளாவது ஆகும், அதனால் அன்றே எடுத்துவிட்டால் பயம் குறைவு. "மண்ணெண்ணெய் வச்சா விழுந்துரும்லா" என்றார் ஆச்சி. வேண்டாம் ஆச்சி, நுனி மெல்லிசான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும்.

கிடா பாதைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. காலும் கையும் பேசுகிற இடம். இப்போது சில வருடமாக இது ஒருவழிப் பாதை: ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கமாக மட்டும் போகலாம். நல்ல காரியம் செய்தார்கள். நடுவில் ஐம்பதடிக்குச் சரிந்து நிற்கும் ஒரு பாறை முகத்தைக் குறுக்காக ஏறிக் கடக்கவேண்டும். முன்பெல்லாம் அதில் மேலிருந்து ஒரு கூட்டமும் கீழிருந்து ஒரு கூட்டமும் சந்தித்து, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபப் பந்தி வாசல் போல நிற்கும். இப்போது ஒரே வரிசை. இருபத்தைந்து நிமிடம் நின்றோம். எங்களுக்கு முன்னால் கொரிய மாணவர்கள், பின்னால் ஸ்பானிஷ் பேசும் ஒரு பெரிய குடும்பம். நிற்கிற நேரத்தில் எங்கள் முறுக்கு அந்தப் பக்கமும் அவர்கள் மாங்காய்த் துண்டு இந்தப் பக்கமும் போயின. அதிலும் மிளகாய்ப்பொடி தூவியிருந்தது.

அந்தப் பாறையில்தான் ஒரு சிக்கல். எங்களில் ஒரு தம்பி டிபன் காரியரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மூன்றடுக்கு, புளியோதரை. மனைவி ஆசையாகக் கட்டிக் கொடுத்தது, பையில் போட்டால் எண்ணெய் கசியும் என்று கையிலேயே வைத்திருந்தார். இரண்டு கையும் வேண்டிய இடத்தில் ஒரு கை புளியோதரைக்குப் போய்விட்டது. பாதி ஏறி, மேலேயும் போகமுடியாமல் கீழேயும் வரமுடியாமல் நின்றார். கீழே ஆறு. கடைசி ஆளாக நான் கீழே நின்றதால் காரியரை வாங்கிக்கொண்டேன். பின்னாலிருந்த குடும்பத்துப் பெண் என் கையிலிருந்து வாங்கி, தன் முதுகுப் பையில் செங்குத்தாக வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் மேலே கொண்டுவந்து சேர்த்தார். கூட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

பாதை முடிந்த இடத்தில் தலை எண்ணினேன். பத்து. அங்கிருந்து வைட்வாட்டர் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி கோபமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் போலவே தாமிரபரணிக்காரர். "ஆத்துக்கரைக்கு வந்துட்டு ஒரு முங்கு போடாம, காலக்கூட நனைக்காம திரும்புறதுக்குப் பேரு என்ன?" கூட நின்றவர்கள் விதி, அபராதம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே பாக்கத் தண்ணி சும்மா கிடக்குற மாதிரி இருக்கும் ஆச்சி, இடுக்குல அடியில எல்லாம் சுழி, கரைப் பாறையில கால் வழுக்குனவங்களயே இழுத்துட்டுப் போயிருக்கு என்றேன்.

"சுழி ஆறா? அத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, ஆறு இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது. ஒரே ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்குள் ஒரு வார்த்தை போதும்.

சாப்பிட்டோம். புளியோதரை உண்மையிலேயே நன்றாக இருந்தது. இந்தப் பூங்காவில் குப்பைத் தொட்டி கிடையாது. கொண்டுவந்தது எல்லாவற்றையும் நாமே திருப்பிக் கொண்டுபோகவேண்டும். வாழைப்பழத் தோலைப் புதரில் வீசப்போன சித்தப்பா, "மக்குற பொருள்தானப்பா" என்றார். மக்கும், ஆனால் ஆற அமர மாதக்கணக்கில் மக்கும். அதற்குள் அடுத்த சனிக்கிழமைக் கூட்டம் வந்துவிடும், ஆளுக்கொரு தோல் போட்டால் கழுதை நடந்த பாதையில் கழுதைக்கே தீனி ஆகிவிடும். தோலைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குக் கார் நிறுத்தின இடம். பதினேழு தலை. வாசலில் இன்னும் வரிசை நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நடை மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, அதே இடம், காலை ஏழரை. ஒரு காருக்கு 20 டாலர், அதனால் சேர்ந்து வாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ, இரண்டு தோளிலும் மாட்டுகிற பை. டிபன் காரியரைக் கையில் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். மெதுவாக நடக்கிறவர்கள் கூச்சப்படாமல் வரலாம். உங்களுக்குப் பின்னால் நான் இருப்பேன்.